சீவகனுக்கு உரிய ஆடை எது?

திரை விலகுகிறது. மேடையில் ஒருவர் நிற்கிறார். அவர் வாய் திறப்பதற்கு முன்னரே அவர் மன்னர் என்பதை அவையோர் அறிந்துகொள்கின்றனர். முழங்கை தாண்டிய வெல்வெட் சட்டை, மார்பெங்கும் ஜிகினாவும் சம்கியும், தோளிலிருந்து தொங்கும் பட்டுத் துணி, தலையில் வண்ணக் கற்கள் பதித்த கூர்முடி, இடையில் அகன்ற பட்டை, முறுக்கிய மீசை. சேரன் செங்குட்டுவனாயினும், பாண்டியன் நெடுஞ்செழியனாயினும், ஏமாங்கத நாட்டுச் சீவகனாயினும் சட்டை ஒன்றே. நிறம் மட்டுமே வேறு.

இந்தக் கோலம் பழந்தமிழ் மன்னருடையது என்றே பலரும் நம்பியிருக்கின்றனர். பள்ளி விழாவிலும் திருவிழாக் கலைநிகழ்ச்சியிலும் சிறுவர்க்கு அரச வேடம் புனைவோர் நாடக உடைக் கடைக்குச் சென்று இதனையே வாடகைக்கு வாங்குகின்றனர். ஆயினும், இந்த உடை மேடைக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகவில்லை. அதற்கு முன் இந்நாட்டவர் எதனை உடுத்தனர் என்பதற்குரிய சான்றுகள் இரண்டு இடங்களில் உள்ளன. ஒன்று காப்பியங்கள், மற்றொன்று கோயிற் சுவர்கள். அவ்விரண்டிலும் சமணச் சான்றோரின் பங்கு பெரிது என்பதனால், இப்பொருள் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் ஊன்றி நோக்கத்தக்கது.

ஏட்டில் உள்ள ஆடைகள்

சிலப்பதிகாரம் நாடகக் கலையை அறிந்தோர் எழுதிய நூல் என்பதற்கு அரங்கேற்று காதை ஒன்றே போதும். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், குறட்டு உயரம் 1 கோல் என அளவு கூறி, வாயில் இரண்டும் திரை மூன்றும் குறித்து, விளக்கின் நிழல் எங்கு விழவேண்டும் என்பது வரை அது விளக்குகிறது. அரங்கை இவ்வளவு நுணுகி நோக்கிய இளங்கோவடிகள் ஒப்பனையை விட்டுவிடவில்லை. கடலாடு காதையில் மாதவி கால்விரல் தொடங்கித் தலைவரை அணியும் அணிகள் ஒவ்வொன்றாகக் கூறப்படுகின்றன. பூவேலை அமைந்த மெல்லிய துகிலை இடையில் உடுத்து, 32 கோவைகள் கொண்ட முத்து மேகலையை அவள் அணிகிறாள். இன்றைய ஒப்பனையாளர் கையில் ஏந்தி வேலை செய்யத்தக்க பட்டியல் அது.

மதுரையின் அறுவை வீதியை வருணிக்கும் ஊர்காண் காதை, பருத்தி நூல், மயிர், பட்டு ஆகியவற்றால் நெய்த துணிகள் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக அங்குக் கிடந்தன எனக் கூறுகிறது. அவ்விடத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் 36 வகைத் துணிகளின் பெயரை வரிசைப்படுத்துகிறார். கோசிகம், பீதகம், அரத்தம், நுண்துகில், சித்திரக்கம்மி, தேவாங்கு, குச்சரி, தேவகிரி என்பன அவற்றுட் சில. பீதகம் மஞ்சளையும் அரத்தம் சிவப்பையும் உணர்த்துகின்றன. தேவகிரி என்பது ஓர் ஊர்ப்பெயர். நிறத்தாலும் நெசவாலும் ஊராலும் துணியைப் பிரித்தறிந்த ஒரு வணிக உலகம் இப்பட்டியலில் தெரிகிறது.

துணியின் நுண்மையைக் கூறவந்த பழம்புலவர்கள் பாம்பு உரித்த தோலையும், மூங்கிலின் உட்புற மெல்லேட்டையும், எழும் ஆவியையும் உவமை காட்டினர். இவ்வுவமைகள் மூன்றும் உணர்த்துவது எடையின்மை. கனத்த துணியே உயர்ந்த துணி என்னும் எண்ணம் அக்காலத்தில் இருந்ததில்லை. உடல் மேல் இருப்பதே தெரியாத அளவுக்கு மென்மையானதே செல்வரின் ஆடை. இன்றைய வெல்வெட் சட்டையோ இதற்கு நேர்மாறானது.

தைத்த ஆடையை அக்காலத்தவர் அறியாதவரா? அறிவர். புகார் நகரில் துன்னகாரர் எனப்படும் தையற்கலைஞர் வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. ஆயின் தைத்த மேற்சட்டை யாருக்கு உரியது என்பதே இங்குக் கேள்வி. முல்லைப்பாட்டில் மெய்ப்பை என்னும் சட்டையை அணிந்தோர் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர். வஞ்சிக் காண்டத்தில் செங்குட்டுவனைக் காணவரும் தூதன் சஞ்சயனுடன் வருவோர் கஞ்சுக முதல்வர், அதாவது சட்டை அணிந்த அலுவலர் ஆயிரவர். ஆகவே மேற்சட்டை காவலனையும் தூதனையும் அடையாளம் காட்டிய உடை. நம் மேடையில் மன்னன் அணிவது, காப்பியக் கணக்கின்படி, அவனுடைய வாயிற்காவலனின் உடையாகும்.

சுவரில் உள்ள ஆடைகள்

ஏடு சொல்வதைக் கண்ணால் காட்டுவன ஓவியமும் சிற்பமும். புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் அறிவர் கோயில் அவற்றுள் தலையாயது. பாண்டியன் அவனிபசேகரன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கியதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. விதானத்துத் தாமரைப் பொய்கையில் மலர் கொய்யும் ஆடவர் இடையில் மட்டும் சிறு துணி உடுத்துள்ளனர். தூண்களில் ஆடும் நங்கையர் இருவரும் தைத்த உடை எதையும் அணியவில்லை. இடையைச் சுற்றிய துகிலும், கூந்தலில் மலரும், கழுத்திலும் கையிலும் அணிகளுமே அவர்தம் ஒப்பனை. மற்றொரு தூணில் மகுடம் புனைந்த ஆடவரும் அருகே ஒரு பெண்ணும் காணப்படுகின்றனர். அந்த ஆடவரை அரசராகக் காட்டுவது மகுடமும் அணிகலனும் நிற்கும் பாங்குமே, சட்டை அன்று.

கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களுக்கு இடையே அம்பிகை இயக்கியும் பத்மாவதி இயக்கியும் புடைப்புச் சிற்பமாக உள்ளனர். கல்லில் வண்ணம் இல்லை. ஆனால் துணி எங்கே முடிச்சிடப்பட்டது, எத்திசையில் மடிப்பு விழுந்தது, இடைக்கச்சை எப்படித் தொங்கியது என்பவற்றைக் கல்லே காட்டும். ஆடையைக் கட்டும் முறையை அறிய விரும்புவோர்க்கு ஓவியத்தினும் சிற்பம் உதவும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்தன. 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்தார். மேற்பூச்சு விலகிய இடத்தில் வெளிப்பட்ட ஆடல் மகளிரும் அடியார்களும் அரச குடும்பத்தாரும் சித்தன்னவாசல் மரபையே தொடர்வதைக் காணலாம். மேலுள்ள அடுக்கை மட்டும் கண்டு அதுவே பழமை என்று கொள்வது எத்துணைப் பிழை என்பதற்கு அச்சுவர் சான்று. நாடக உடையிலும் அதே பிழைதான் நேர்ந்துள்ளது.

காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயில் இதன் அடுத்த கட்டத்தைக் காட்டுகிறது. விசயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் தம் குரு புஷ்பசேனரின் அறிவுரைப்படி 1387இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ரிஷபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. காட்சிகளுக்குக் கீழே தமிழில் விளக்கமும் உண்டு. மண்டபத்தின் காலத்துக்குப் பின்னர் தீட்டப்பட்டவை இவ்வோவியங்களில் மிகுதி. தீர்த்தங்கரரின் கதை பழையது. அவர்தம் பெற்றோர்க்கும் பணியாளர்க்கும் ஓவியர் உடுத்தியது தம் காலத்து உடை. கோடுகளும் பூக்களும் இட்ட சேலைகளை அங்குக் காணலாம். எனவே ரிஷபநாதர் காலத்து ஆடையை அறிய அச்சுவர் உதவாது. விசயநகர, நாயக்கர் காலத்துத் தமிழ்நாட்டு ஆடையை அறியவே உதவும். எந்தச் சான்று எந்தக் காலத்துக்கு உரியது என்று பிரித்தறிவதே ஆடை வரலாற்றின் முதற்பாடம்.

வெல்வெட் வந்த வழி

தைத்த சட்டை அரசவைக்கு ஏறியது விசயநகர காலத்தில். சுல்தான்களின் அவை வழக்கத்தைப் பின்பற்றி விசயநகரப் பெருமக்கள் நீண்ட அங்கியும் குல்லாயி என்னும் உயர்ந்த தொப்பியும் அணியத் தொடங்கினர். 16ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட லேபாட்சிக் கோயில் விதானத்தில் அத்தொப்பிகளைத் தெளிவாகக் காணலாம். பின்னர் தஞ்சையை மராட்டியர் ஆண்டபோது அங்கியும் தலைப்பாகையும் அவையின் இயல்பான உடையாயின.

மேடைக்கு அது வந்தது 19ஆம் நூற்றாண்டில். பம்பாயில் 1853இல் தொடங்கிய பார்சி நாடகக் குழுக்கள், வண்ணம் தீட்டிய திரைகளையும் பளபளக்கும் உடைகளையும் கொண்டு நாடெங்கும் பயணம் செய்தன. மராட்டிய நாடகக் குழுக்களும் தமிழகம் போந்தன. தஞ்சைக் கோவிந்தசாமி ராவின் குழு அவ்வழியில் தமிழ் நாடகங்களை நடத்தியது. அந்நாடகங்களைக் கண்டு ஊக்கம் பெற்ற பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வளர்ந்த பாலர் நாடகக் குழுக்களும், நவாப் ராஜமாணிக்கத்தின் குழுவும் அவ்வொப்பனையை ஊர்தோறும் கொண்டு சென்றன. பின்னர் திரைப்படம் அதனை நிலைபெறச் செய்தது.

இதே காலத்தில் ஓவிய உலகில் நிகழ்ந்த ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. 1888இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட் 14 புராண ஓவியங்கள் தீட்டித் தருமாறு ராஜா ரவிவர்மாவைக் கேட்டுக்கொண்டார். புராண மாந்தர்க்கு எந்த ஆடை பொருந்தும் என்று அறிய ரவிவர்மா வட இந்தியாவில் பயணம் செய்தார். இடந்தோறும் உடை வேறுபட்டது. பழைய உடை இதுவே எனக் காட்ட ஒன்றும் அகப்படவில்லை. இறுதியில் அவர் தம் கதைத்தலைவியர்க்குப் பெரிதும் சேலையையே உடுத்தினார். 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அவ்வுருவங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தமயந்தியும் சகுந்தலையும் இப்படித்தான் இருந்தனர் என மக்கள் எண்ணினர். மேடைத் தையற்காரரும் அவற்றையே பார்த்துத் தைத்தனர். ஒரு கலைஞர் தேடி, ஆராய்ந்து, கற்பனை செய்து அமைத்த கோலம், ஒரு தலைமுறைக்குள் வரலாறாக மாறிவிட்டது.

இதற்காக அந்நாளைய நாடகக் கலைஞரைக் குறைகூறுதல் தகாது. அவர்தம் தேவை வேறு. ஆயிரம் பேர் அமர்ந்த கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் மன்னன் மன்னனாகத் தெரியவேண்டும். எரிவாயு விளக்கின் மங்கிய ஒளியை ஜிகினா பன்மடங்காகத் திருப்பி அனுப்பியது. தைத்த சட்டையை விரைவில் மாட்டலாம். ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் இடையில் கழற்றலாம். ஒரே சட்டை பத்து நாடகங்களுக்குப் பயன்படும். ஊர் ஊராகப் பெட்டி சுமந்து சென்ற குழுக்களுக்கு இது பெரிய வசதி. வசதிக்காக வந்தது வரலாறாக மதிக்கப்பட்டதே குறை.

கூத்தர் கண்ட வழி

வெல்வெட் வருவதற்கு முன்னும் தமிழகத்து மேடையில் ஒளி இருந்தது. செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பகுதிகளில் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். தெருக்கூத்து செழித்து வளர்ந்ததும் அதே மண்ணில்தான். கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்படுகின்றன. அம்மரம் மிக இலேசானது. இரவு முழுவதும் சுற்றிச் சுற்றி ஆடும் கலைஞனின் தோள் நோகாது. செதுக்கிய கட்டையின்மேல் வண்ணம் தீட்டி, பளபளக்கும் தாளும் சிறு கண்ணாடித் துண்டுகளும் ஒட்டுவர். தீப்பந்தத்தின் ஒளி அக்கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கும்போது, மரக்கட்டை மணிமுடியாகிவிடும். இக்கட்டைகளாலேயே அக்கலைக்குக் கட்டைக்கூத்து என்ற பெயரும் உண்டு.

கூத்தன் தன் உடையைப் பழைய மன்னரின் உடை என்று சொல்லிக்கொள்வதில்லை. அது கூத்தின் உடை. கண்டவுடன் துரியோதனன் யார், அர்ச்சுனன் யார் எனக் கிரீடத்தாலும் முகவண்ணத்தாலும் அறியச்செய்யும் குறியீடு. ஒப்பனை அமைப்போர் முன்னே இரு நேர்மையான வழிகள் உள்ளன. ஒன்று, கூத்தைப் போலக் குறியீட்டு உடையைக் குறியீடாகவே அமைப்பது. மற்றொன்று, சான்றுகளை நாடி அக்காலத்து உடையை அமைப்பது. வெல்வெட் சட்டை இவ்விரண்டிலும் சேராது.

பஞ்ச கல்யாணம் தரும் பாடம்

வேடம் புனைதல் சமணர்க்குப் புதிதன்று. பஞ்ச கல்யாணப் பெருவிழாவில் இல்லறத்தார் இந்திரனாகவும் இந்திராணியாகவும் தீர்த்தங்கரரின் பெற்றோராகவும் கோலம் கொள்கின்றனர். வேட்டியும் மேலாடையும் உடுத்து, மகுடமும் மாலையும் கைவளையும் அணிந்து, கருப்பம் முதல் வீடுபேறு வரை ஐந்து நிகழ்ச்சிகளையும் நிகழ்த்துகின்றனர். ஆயின் பகவானாக எவரும் வேடம் புனைவதில்லை. குழந்தையாக நீராட்டப்பெறுவதும், துறவு பூணுவதும் திருவுருவமே. எதனை நடிக்கலாம், எதனை நடிக்கலாகாது என்னும் எல்லை அங்குத் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது.

மேடை நாடகத்திலும் இவ்வெல்லை உதவும். திசையையே ஆடையாகக் கொண்ட முனிவரை நடிகர் ஒருவர் ஆடையுடன் நடித்தால் அது பொய். ஆடையின்றி நடித்தல் இயலாது. முனிவர் இருக்கும் இடத்தை ஓர் ஒளியாலும், மயிற்பீலியும் கமண்டலமும் வைத்த ஓர் ஆசனத்தாலும், திரைக்குப் பின்னிருந்து வரும் குரலாலும் உணர்த்துவதே பொருத்தம். காட்டாமல் உணர்த்துவதும் ஒப்பனைக் கலையின் ஒரு பகுதியே.

கவுந்தியடிகளின் நிலை வேறு. கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையான அவ்வம்மையைக் காவி உடுத்த பொதுத் துறவியாகக் காட்டினால், அவர் யாரென்பதே மறைந்துபோகும். இளங்கோவடிகள் நாடுகாண் காதையில் அவர் கொண்டு சென்றவை மூன்றைக் குறிக்கிறார்: பிச்சைக் கலம், தோளில் இட்ட துணி, கையில் மயிற்பீலி. துணியின் நிறம் கூறப்படவில்லை. ஆர்யிகையர் இன்றளவும் உடுத்திவரும் வெண்சேலை அதனை நிரப்புகிறது. நூல் தந்த மூன்றும், மரபு தந்த வெண்மையும் சேர்ந்தால் கவுந்தியடிகள் மேடையில் கவுந்தியடிகளாகவே தோன்றுவார்.

பொருளைத் தேடுதல்

இனி, சான்றின் வழியே ஆடை அமைக்க முற்படுவோர் எப்பொருளை எங்குத் தேடுவது என்பது கேள்வி. இங்குச் சமணர்க்கு வேறெவர்க்கும் இல்லாத ஒரு பொறுப்பும் உண்டு. கொல்லாமையைப் போற்றும் கதையை நடிக்கும்போது, அதற்காக உயிர்கள் மாயலாகாது. பட்டு நூல் எடுக்கக் கூட்டுப்புழுக்கள் கொதிநீரில் இடப்படுகின்றன. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். தச்சர் பயன்படுத்தும் வச்சிரம் என்னும் பசை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சப்படுவது. இடைப்பட்டைக்கும் காலணிக்கும் தோல் வழங்குகிறது. பழைய நகரங்களில் பட்டு விற்றதைக் காப்பியமே கூறுகிறது என்பது உண்மை. ஆயினும் மேடைக்கு வேண்டுவது பட்டின் தோற்றமே.

பருத்தியே முதற்பொருள். வெளுக்காத காடாத் துணி உழவர்க்கும் வீரர்க்கும் பணியாளர்க்கும் பொருந்தும். மெல்லிய மல் துணி, பழம்புலவர் ஆவி போன்றது என்ற துகிலுக்கு மிக அணுகியது; கஞ்சியிட்டு மடித்தால் சிற்பத்தில் காணும் மடிப்பு அப்படியே விழும். 8 முழ வேட்டி இரண்டு இருந்தால் ஓர் அரசகுமாரனுக்குக் கீழாடையும் மேலாடையும் ஆகும். கரைக்குச் சரிகை வேண்டுமாயின், பட்டு நூலின்மேல் அன்றிப் பருத்தி நூலின்மேலும் பாலியெஸ்டர் நூலின்மேலும் சுற்றிய சரிகை இன்று கிடைக்கிறது. மகளிர்க்கு மேலாடை எவ்வாறு என்பது பலர் தயங்கும் இடம். ஓவியத்து நங்கையரை அப்படியே பின்பற்ற இக்கால மேடை இடந்தராது. கச்சு என்னும் மார்பாடை இலக்கியத்தில் பலவிடத்தும் கூறப்படுவதால், ஒற்றை நிறக் கச்சு அணிவித்து மெல்லிய துகிலைத் தோளில் இட்டால் காலமும் கெடாது, கண்ணியமும் குறையாது.

நிறத்துக்குச் சித்தன்னவாசலே வழிகாட்டி. காவிக்கல் சிவப்பு, மஞ்சட்காவி, சுண்ண வெண்மை, கரியின் கருமை, இலைப்பச்சை ஆகியவை அங்கே மேலோங்கியுள்ளன. துணிக்குச் சாயமேற்றத் தென்னாட்டில் வழங்கியவை சாயவேர்ச் சிவப்பும், அவுரி நீலமும், மஞ்சளும், கடுக்காயும். பளிச்சென்ற ரோசாவும் ஊதாவும் செயற்கைச் சாயத்தின் வரவுகள். பழங்காலக் காட்சியில் அவை உடனே காட்டிக்கொடுத்துவிடும். பூவேலைத் துகிலுக்குக் கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கையால் எழுதப்படும் கலம்காரியும், மதுரைச் சுங்குடியும் உண்டு.

அணிகலனுக்குப் பொன் வேண்டியதில்லை. புகாரில் கிழியாலும் கிடையாலும், அதாவது துணியாலும் நெட்டியாலும், பல பொருள் சமைத்தோர் இருந்ததை இந்திரவிழவு ஊரெடுத்த காதை கூறுகிறது. நெட்டி வேலை தஞ்சையில் இன்றும் நடைபெறுகிறது. நெட்டியும் காகிதக்கூழும் கல்யாண முருங்கையும் மகுடத்துக்கு ஏற்றவை. கண்ணாடி மணிகள் முத்துக்கு ஈடாகும். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசையும் கருவேலம் பிசினும் உள்ளன. மயிற்பீலியோ ஆண்டுதோறும் மயில் தானே உதிர்ப்பது. முனிவர் கையிலுள்ள பீலியும் அவ்வாறு உதிர்ந்ததே.

கண்ணகியின் சிலம்பு தனிக்கவனம் வேண்டுவது. நாடகத்தின் நீதி முழுவதும் அதனுள் இருக்கும் பரலில் உள்ளது. அது உள்ளீடற்றதாகவும், உடைத்தவுடன் மாணிக்கப் பரல் தெறித்துச் சிதறுவதாகவும் இருக்கவேண்டும். மெல்லிய களிமண்ணில் செய்து பொன்வண்ணம் பூசி, உள்ளே சிவந்த கண்ணாடி மணிகளை இட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாக ஒன்று அமைத்தல் நன்று. பித்தளைச் சிலம்பைத் தரையில் எறிந்து, அது உடையாமல் உருண்டோடினால், பாண்டியன் உயிர் துறப்பதற்குக் காரணமே இல்லாமற் போய்விடும்.

நீலாஞ்சனையின் ஆடலுக்கும் ஒரு நுட்பம் உண்டு. ரிஷபநாதர் அவையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே நீலாஞ்சனையின் ஆயுள் முடிகிறது; இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற வேறொருத்தியை அங்கு நிறுத்துகிறான். அவையில் எவரும் அறியவில்லை; ரிஷபநாதர் ஒருவரே அறிந்து, நிலையாமையை உணர்கிறார். இதனை ஸ்ரீபுராணம் விரிக்கிறது. இக்காட்சிக்கு ஒரே உயரமுள்ள ஆடல் மகளிர் இருவர் வேண்டும். இருவர் ஆடையும் ஒரே துணிச்சுருளிலிருந்து வெட்டப்பட வேண்டும். சாயமும் ஒரே கலத்தில் ஏற்றப்பட வேண்டும். நிறத்தில் சிறு வேறுபாடு தெரிந்தால் அவையோர் அனைவரும் கண்டுகொள்வர். ரிஷபநாதரின் அறிவுக்கு அங்கு வேலை இராது.

களைவதற்காக அணியும் ஆடை

சீவக சிந்தாமணியைப் போல் கோலங்கள் மாறிமாறி வரும் காப்பியம் வேறொன்றைக் காண்பது அரிது. திருத்தக்கதேவரின் காப்பியத் தலைவன் சுடுகாட்டில் பிறந்து, வணிகன் வீட்டில் வளர்கிறான். யாழ்ப்போட்டியில் காந்தருவதத்தையை வென்று மணமகனாகிறான். சுரமஞ்சரியைக் காணக் கிழவனாக வேடம் புனைகிறான். இழந்த நாட்டை மீட்டு முடிசூடுகிறான். இறுதியில் முத்தி இலம்பகத்தில் அனைத்தையும் துறக்கிறான். அவன் தாய் விசயையும் அரசியாக இருந்து, தவவேடம் பூண்டு, மகனை எதிர்நோக்கி வாழ்ந்தவள்.

ஒப்பனை அமைப்போர் இக்காப்பியத்தின் முடிவிலிருந்தே தொடங்கவேண்டும். சீவகன் முடியையும் அணிகளையும் மேலாடையையும் களையும் அந்தக் காட்சிக்காகவே முன்னைய கோலங்கள் அனைத்தும் உள்ளன. கொக்கியும் பொத்தானும் கொண்ட வெல்வெட் சட்டையை ஒருவர் கழற்றினால், அவையில் காண்பது நாடகம் முடிந்து உடை மாற்றும் நடிகரை. அதன் உள்ளே இருக்கும் பனியனும் தெரியும், சிறுவர் சிரிப்பர். மாறாக, தோளில் இட்ட தைக்காத துகில் ஒரு கையசைவில் நழுவி நிலத்தில் விழும். மகுடத்தை இரு கைகளாலும் எடுத்து வைக்கலாம். ஒவ்வொன்றாக அணிகள் விலகும்போது, கூப்பிய கையுடன் நிற்கும் மனிதன் மட்டும் மிஞ்சுகிறான். அத்துடன் விளக்கு அணையலாம். அதற்கு அப்பால் காட்ட வேண்டுவது ஒன்றுமில்லை. துறவை உணர்த்தும் இக்காட்சிக்குத் தைக்காத ஆடையே இயல்பாகப் பொருந்துகிறது. பழைய ஆடையை நாடுவது பழமைப் பற்றினால் மட்டும் அன்று. கதையின் பொருள் அதனால் விளங்குகிறது என்பதனாலும் ஆகும்.

இவ்வளவுக்கும் மூலமான சான்றுகள் நிலைத்திருப்பன அல்ல. சித்தன்னவாசலில் வண்ணம் மங்கிவருகிறது. திருப்பருத்திக்குன்றத்திலும் போளூரை அடுத்த திருமலைக் குகையிலும் சாந்து உதிர்ந்த இடங்கள் பல. உதிர்ந்த சாந்தில் இருந்த ஆடையின் கரையும் மடிப்பும் இனி வாரா. ஏட்டுச்சுவடிகளுக்கும் இந்நிலை நேர்ந்திருக்கக்கூடும். கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் சிந்தாமணியை ஓதியும் அதன் பொருளை அறிந்தும் காத்து வைத்திருந்தமையால், உ.வே. சாமிநாதையர் ஐயம் தெளிந்து 1887இல் அதனைப் பதிப்பிக்க முடிந்தது. அன்று அக்குடும்பங்கள் ஏட்டுக்குச் செய்ததை இன்றைய குடும்பங்கள் சுவருக்குச் செய்யலாம். திருத்தலப் பயணம் செல்வோர் ஓவியங்களைத் தொடாமலும், ஒளி பாய்ச்சாமலும் நின்று, ஆடையின் ஒரு கரையை, ஓர் அணியை, ஒரு முடிச்சை ஏட்டில் வரைந்து வரலாம். வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய சேலையின் ஊரையும் சாயத்தையும் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். சிறுவர் அடுத்த விழாவில் சீவகனாகவும் விசயையாகவும் மேடை ஏறும்போது, வாடகைச் சட்டைக்கு மாறாக அந்தக் குறிப்பேடு அவர்க்கு ஆடை தரும்.